நரம்பு மட்டும் பச்சை

அடி அண்ணாமலை,
9 பிப்ரவரி 2004

எழிலரசிக்கு அக்கா திரௌபதி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். இரண்டு வருஷமாக வாயைத் திறக்காதவள் திடீரென்று எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நீ நினைப்பாய். உன் மாமாவின் தம்பியை, என் கொழுந்தனை, கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஸ்பெயினுக்குப் படிக்கப் போனவள் நீ. வழியனுப்பக்கூட வராதவள் நான். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போனில் பேசினால் அதுதான் முதலில் வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

தோட்டம் கைவிட்டுப் போகிறது. அப்பா வைத்த சாத்துக்குடி மரங்களுக்குக் கிழக்கே, ஜோதியம்மாள் நிலத்தை ஒட்டி, நீ இங்கே இருந்தபோதே புதுக் கன்றுகள் வைத்தோமே, அந்த வரிசைகள் மொத்தமும் மஞ்சளாகிவிட்டன. நோய் வந்த பிள்ளையின் கண் மாதிரி மஞ்சள். காய் சுண்டைக்காய் அளவில் நின்றுவிடுகிறது. உரக்கடைக்காரன் சொன்னதை எல்லாம் போட்டாயிற்று. அப்பாவின் மரங்கள் ஒன்றும் ஆகாமல் கருகருவென்று நிற்கின்றன. அவள் வரப்பை ஒட்டி இருப்பது மட்டும் சாகிறது என்றால் என்ன அர்த்தம்?

நாங்கள் அந்தக் கன்றுகளுக்கு ஆழ்துளைப் போர் போட்டதிலிருந்து அவளுக்கு எங்கள் மேல் ஆத்திரம். அவள் கிணறு வற்றியதற்கு எங்கள் போர்தான் காரணமாம். "என் தண்ணிய உறிஞ்சி ஊத்துற இல்ல, அது உன் மரத்துக்கு ஆவாது"னு வரப்பில் நின்று சொன்னாள். என் காதால் கேட்டேன். அதற்குப் பிறகு அவள் தன் வரப்பில் களை மருந்து அடித்ததை உன் மாமா பார்த்திருக்கிறார். அவளை நாம் அத்தை அத்தை என்று கூப்பிட்டு வளர்ந்தோம். இப்போது அந்த வார்த்தை என் வாயில் வரமாட்டேன் என்கிறது.

நீ ஆரஞ்சுச் செடிகளைப் பற்றித்தானே படிக்கிறாய்? டவுனிலிருந்து போட்டோக்காரனைக் கூட்டி வந்து படம் எடுத்து இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்.

திரௌபதி

*

வலென்சியா,
27 பிப்ரவரி 2004

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். மஞ்சள் மரங்கள் என்று தெரிந்ததும் எனக்கு வந்தது நிம்மதி. அதற்காக என்னைத் திட்டாதே.

நான் இங்கே செய்யும் வேலையே இதுதான், அக்கா. இந்த ஊர் மண்ணிலும் தண்ணீரிலும் சுண்ணாம்பு ஜாஸ்தி. ஆரஞ்சு, எலுமிச்சைக்கெல்லாம் இரும்புச் சத்துக் கிடைக்காமல் இலை மஞ்சளாகிவிடும். சில செடிகள் அதைச் சமாளிக்கின்றன, சில செடிகள் சாகின்றன. சமாளிக்கும் செடிக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

போட்டோவை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. நிறம் சரியாக விழவில்லை. இரும்புச் சத்துக் குறைவு மாதிரித்தான் தெரிகிறது. களைக்கொல்லி வேரில் இறங்கினாலும் இலை இப்படி மஞ்சளாகலாம். வேறு காரணங்களும் இருக்கலாம். எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். மஞ்சளாவது இளம் இலையா, முற்றிய இலையா? நரம்பும் மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறதா? போர்த் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா? அந்தக் கன்றுகளை எங்கே வாங்கினீர்கள்? ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே துளிர் வந்திருந்தால் அதன் இலை எப்படி இருக்கிறது என்று பார்.

ஜோதி அத்தை அப்படிச் செய்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. பதில் தெரியும் வரை யாரிடமும் சண்டைக்குப் போகாதே.

உன் கோபம் போகும் வரை காத்திருக்கிறேன். எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

எழில்

*

அடி அண்ணாமலை,
2 ஏப்ரல் 2004

எழிலுக்கு,

உன் கடிதம் வந்த நேரம் நல்ல நேரம். இல்லாவிட்டால் ஊரில் எங்கள் பேச்சு எடுபட்டிருக்காது.

அம்மன் கோயில் முன்னால் பெரியவர்களைக் கூட்டினோம். அப்பாதுரைதான் தலைமை. ஊரில் எந்த வழக்கு என்றாலும் அவர்தானே. ஆரம்பத்தில் அவரே எங்களைத்தான் கேட்டார்: "பாத்தவங்க யாரு? சாட்சி இன்னா?" உடனே உன் மாமா உன் கடிதத்தை எடுத்தார். எங்கள் வீட்டுப் பெண் சீமையில் இதையே படிக்கிற விஞ்ஞானி என்று சொல்லிவிட்டு, களைக்கொல்லி வேரில் இறங்கினால் இலை இப்படி மஞ்சளாகும் என்று நீ எழுதிய இடத்தைப் படித்தார். அதற்குப் பிறகு ஒருவரும் எங்களைக் கேள்வி கேட்கவில்லை.

ஜோதியம்மாள் செய்யவே இல்லை என்றாள். களை மருந்தைத் தன் வரப்பில்தான் அடித்ததாகவும் அதற்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னாள். அப்படியானால் சூடம் அணைத்துச் சத்தியம் செய் என்றார் அப்பாதுரை. தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அவள் கையை நீட்டவில்லை. "செய்யலன்னு நான் சொல்றேன். அந்த வார்த்தை பத்தாதுன்னா நெருப்பு மட்டும் எப்படிப் பத்தும்?"னு சொல்லிவிட்டு நடந்து போய்விட்டாள். குற்றம் இல்லாதவள் சூடத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்? ஊரே அப்படித்தான் கேட்டது.

அவள் வீட்டுக்கு இப்போது யாரும் போவதில்லை. அவள் பெண் மணிமொழிக்கு வேட்டவலத்தில் நிச்சயம் செய்திருந்தார்கள். விஷம் வைத்த வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

நீ கேட்டதற்குப் பதில். மஞ்சளாவது இளம் இலைதான். முற்றிய இலை அவ்வளவாக இல்லை. நரம்பு எல்லாம் பச்சை, வலை பின்னினது போல. தண்ணீர் காய வைக்கும் குண்டானில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரிப் படிகிறது, புளி போட்டுத் தேய்த்தால்தான் போகும். கன்றுகள் குடகு மலையிலிருந்து ஒரு வியாபாரி லாரியில் கொண்டு வந்தவை. ஒட்டுக்குக் கீழே துளிர் நிறைய இருக்கிறது. மூன்று மூன்று இலையாக வில்வம் மாதிரியே இருக்கும். சிவனுக்கு உரிய இலை மாதிரி இருக்கிறதே என்று நான் கிள்ளாமல் விட்டிருக்கிறேன்.

திரௌபதி

*

வலென்சியா,
15 ஏப்ரல் 2004

அக்கா,

உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்து மாடிப்படியில் நின்றுகொண்டே படித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிறவள் வந்து யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். 

என் கடிதத்தையா ஊர் நடுவில் படித்தீர்கள்? அதில் நான் எத்தனை எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிதான் மாமா கண்ணில் பட்டதா? அத்தை அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று எழுதியிருந்தேனே, அதை யார் படித்தார்கள்?

உன் பதிலிலேயே எல்லாம் இருக்கிறது. களைக்கொல்லி வேரில் இறங்கியிருந்தால் நரம்பும் வெளுக்கும், முற்றிய இலையும் தப்பாது. இளம் இலை மட்டும் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் அது இரும்புப் பசி. உங்கள் மரத்துக்கு யாரும் விஷம் வைக்கவில்லை.

பொறுமையாகக் கேள். மண்ணில் இரும்பு இருப்பது வேறு, அது வேருக்குக் கிடைப்பது வேறு. உங்கள் போர்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு இரும்பைக் கட்டிப் போட்டுவிடுகிறது. வேர் அதைக் கரைத்து எடுக்க வேண்டும். அதற்கு வேரில் சில வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவன் புளிப்பைச் சுரந்து மண்ணை இளக்குவான். ஒருவன் இரும்பை வேர் குடிக்கும் பக்குவத்துக்கு மாற்றுவான். ஒருவன் கதவைத் திறந்து உள்ளே இழுப்பான். இவர்கள் தாமாக வேலைக்கு வர மாட்டார்கள். இரும்பு குறைந்துவிட்டது, வாருங்கள் என்று கூப்பிட ஒரு மேஸ்திரி வேண்டும். அந்த மேஸ்திரியும் ஒரு மரபணுதான், மற்ற மரபணுக்களை எழுப்பிவிடும் மரபணு. தக்காளியில் அப்படி ஒன்றை இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்தார்கள். எலுமிச்சை ஆரஞ்சுக் குடும்பத்தில் நாங்கள் தேடுகிறோம்.

அப்பாவின் மரங்கள் காட்டு எலுமிச்சை வேரின் மேல் ஒட்டுப் போட்டவை. அந்த வேர் இரும்பு குறைந்தவுடன் வேலையைத் தொடங்கிவிடும். நீங்கள் லாரியில் வாங்கியவை மூன்றிலை ஆரஞ்சு வேரின் மேல் ஒட்டுப் போட்டவை. வில்வம் மாதிரி என்று நீ எழுதியது அந்த வேரின் இலையைத்தான். குடகு மண் புளிப்பு மண், அங்கே அதற்குக் கஷ்டமே இல்லை. சுண்ணாம்பைப் பார்த்தால் அது திணறிவிடும். மேலே இருப்பது ஒரே சாத்துக்குடி, கீழே இருக்கும் வேர்தான் வேறு. அந்த வரிசை அத்தையின் வரப்பை ஒட்டி இருந்தது, அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

என்னை நம்பாவிட்டால் ஒன்று செய். நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி கிடைக்கும். அதில் இருப்பது இரும்புதான். கொஞ்சம் எடுத்து நிறையத் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து, ஒரு மரத்தில் ஒரே ஒரு கிளைக்கு மட்டும் தெளி. விஷத்தால் வந்த மஞ்சள் அன்னபேதிக்குப் போகாது.

அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அதே கோயில் முன்னால் படி. முழுவதும் படி. மணிமொழிக்கு என்ன ஆயிற்று என்று எழுது.

எழில்

*

அடி அண்ணாமலை,
6 மே 2004

எழிலரசிக்கு,

படித்தோம். உன் மாமா இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். ஊரில் படிக்க வேண்டாம் என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

நம் மண் செம்மண். மழை பெய்தால் துரு கரைந்த மாதிரி ஓடும். அதில் இரும்பு இல்லை என்று வலென்சியாவில் உட்கார்ந்துகொண்டு நீ சொல்கிறாய். இருக்கிறது, ஆனால் கிடைக்காது என்கிறாய். சட்டி நிறையச் சோறு இருக்கும்போது பிள்ளை பட்டினியால் சாகிறது என்று யாராவது சொன்னால் நீ நம்புவாயா? மேஸ்திரியாம், வேலைக்காரனாம். எங்களுக்குக் கதை சொல்லவா உன்னை அப்பா படிக்க வைத்தார்?

முதலில் களைக்கொல்லி என்று எழுதினவள் நீதான். இப்போது இல்லை என்கிறாய். நான் ஊருக்கு முன் போய் என் தங்கை தெரியாமல் எழுதிவிட்டாள் என்று சொல்லவா? எப்போதும் போல நீ அந்தப் பக்கம்தான் நிற்கிறாய்.

அன்னபேதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். தெளிக்கப் போகிறேன். நீ சொன்னதற்காக இல்லை, நீ சொன்னது பொய் என்று காட்ட.

திரௌபதி

*

அடி அண்ணாமலை,
20 ஜூன் 2004

எழில்,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வரப்போர மரத்தில் கிழக்குப் பார்த்த கிளை ஒன்றில் துணி கட்டி, அதில் மட்டும் தெளித்தேன். முதல் சில நாட்கள் தினமும் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. பிறகு வீட்டில் விசேஷம், கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

திரும்பப் போனபோது அந்தக் கிளையில் மஞ்சள் இலை முழுவதும் பச்சைப் புள்ளிகள். மருந்துத் துளி விழுந்த இடம் எல்லாம் பச்சை, விழாத இடம் மஞ்சள். சில இலைகளில் புள்ளியும் புள்ளியும் சேர்ந்து முழு இலையும் தேறியிருந்தது. பக்கத்துக் கிளை அப்படியே சாகக் கிடக்கிறது. நான் இலையைப் பறித்துக் கையால் தேய்த்துப் பார்த்தேன், எழில். யாரோ சாயம் பூசிவிட்டார்கள் என்று நினைத்தேன். சாயம் இல்லை.

 அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன். ஜோதி அத்தை வரப்பில் நின்று சொன்னது அப்போதுதான் எனக்கு வேறு மாதிரிக் காதில் விழுந்தது. அந்தத் தண்ணீர் ஆகாது என்றார். உண்மையிலேயே அந்தத் தண்ணீர்தானே ஆகவில்லை.

இலையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. நான் வரப்பைக்கூடத் தாண்டாமல் இருந்ததில் எனக்குத் தெரியவே இல்லை. எதிர்வீட்டுக்காரி சொன்னாள்: "அவங்க போளூருக்குப் போய் ரொம்ப நாளாச்சே. தம்பி வீட்ல இருக்குறாங்க. மாடு கண்ணுகூட வித்துட்டாங்க, ஒனக்குத் தெரியாதா?" அவர் நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. தினமும் அதன் பக்கத்தில் நின்று என் மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் மாமாவிடம் இலையைக் காட்டினேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத யார்கிட்டயும் காட்டாத"ன்னார். அவர் முகத்தை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நான் என்ன செய்வது?

அக்கா

*

வலென்சியா,
5 ஜூலை 2004

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே போன வாரம்தான் எங்கள் சோதனையின் முடிவு வந்தது. இரும்பு இல்லாத தண்ணீரில் இரண்டு வேர்களை வளர்த்தோம். காட்டு எலுமிச்சையில் நாங்கள் சந்தேகப்பட்ட அந்த மரபணு உடனே விழித்துக்கொண்டது, அதன் பின்னால் மற்றவை வரிசையாக. மூன்றிலை வேரில் ஏதோ முனகினது போல லேசாக எழுந்து அடங்கிவிட்டது. எங்கள் ஆய்வுக்குழுத் தலைவி எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். இதற்காக எத்தனை நாள் உழைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அந்தக் கேக்கைத் தட்டோடு மேஜையில் வைத்துவிட்டேன். கண் முன்னால் மணிமொழி நின்றாள்.

உன்னை மட்டும் சொல்ல மாட்டேன். நான் எழுதியது 'மஞ்சளாகலாம்' என்று. மாமா படித்தது 'மஞ்சளாகும்' என்று நீ எழுதியிருந்தாய். அவர் மாற்றிப் படித்தாரோ, ஊர் அப்படிக் கேட்டதோ, எனக்குத் தெரியாது. நாங்கள் எழுதும் கட்டுரைகளில் இந்த 'லாம்' இல்லாத பக்கமே இருக்காது. தப்பாகிப் போனால் அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கலாம். ஊர் நடுவில் ஒரு பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்பவளுக்கு அந்த 'லாம்' ஒரு பாதுகாப்பும் தரவில்லை. பார்க்காத மரத்தைப் பற்றி நான் அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது.

என்ன செய்வது என்று கேட்டாய். ஊரில் படி. வேட்டவலத்துக்குப் போய்ச் சொல். போளூருக்குப் போ. மாமா வராவிட்டால் நீ போ.

எழில்

*

அடி அண்ணாமலை,
18 ஆகஸ்ட் 2004

எழிலுக்கு,

எல்லாம் செய்தேன். செய்த பிறகும் மனம் ஆறவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் ஊரே கோயில் முன் இருந்தது. உன் மாமா வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் உன் ஏப்ரல் கடிதத்தையும் பச்சைப் புள்ளி இலைகளையும் எடுத்துப் போனேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. தடுக்கித் தடுக்கி முழுவதும் படித்தேன். ஜோதி அத்தை எதுவும் செய்யவில்லை, நாங்கள் சொன்னது தப்பு என்று சொன்னேன்.

அன்றைக்கு உன் ஒரு வரிக்கு ஊரே மூச்சடைத்து நின்றது. இன்றைக்கு இத்தனை பக்கம் படிக்கிறேன், கூழ் வாங்க வரிசையில் இடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாதுரை இலையை வாங்கிப் பார்த்தார். "சரி வுடும்மா, நடந்தது நடந்துபோச்சு. அந்தம்மாவும் சூடத்த அணைச்சிருக்கலாம் இல்ல?"ன்னார். அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டார். நான் இலையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வீட்டைக் குப்புறத் தள்ளின மனுஷர்கள், அது தப்பு என்று தெரிந்தவுடன் என்ன செய்வார்கள் என்று நான் ஏதேதோ நினைத்திருந்தேன். கூழ் குடித்தார்கள்.

வேட்டவலத்தில் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். பையனுக்கு ஆவணியில் வேறு இடத்தில் கல்யாணமாம். பத்திரிகையை எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

பிறகு போளூர். தம்பி வீட்டின் பின்கட்டில் ஒரு அறை. மணிமொழி இல்லை. ராணிப்பேட்டையில் செருப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே பெண்களோடு தங்கியிருக்கிறாளாம். ஜோதி அத்தை கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் எல்லாம் சொன்னேன். இலையைக் காட்டினேன். காலில் விழப் போனேன், முறத்தை நடுவில் நகர்த்தி வைத்துவிட்டார்.

கடைசியில் பேசினார். "வெஷம் வச்சேன்னு சொன்ன. அது இல்லன்னு சீமைலருந்து கடுதாசி வந்திடுச்சி. என் கெணறு வத்திப்போச்சே திரௌபதி, அது யாராலன்னு எந்தக் கடுதாசில வரும்?"

 அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை, எழில். விஷம் இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போயிருக்கிறேன். அவர் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். அதற்கு நாங்கள் ஆத்திரம் என்று பேர் வைத்துவிட்டோம்.

எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

அக்கா

*

வலென்சியா,
3 செப்டம்பர் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தை கேட்டதைப் படித்துவிட்டு என் முதல் கடிதத்தை நினைத்துப் பார்த்தேன். நானும் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா என்று கேட்டேன். அந்தத் தண்ணீர் யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. நீ எழுதியிருந்தும், கிணறு வற்றிய சேதியை நான் தாண்டிப் போயிருக்கிறேன். செடிக்கு எது குறைகிறது என்று பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிறேன், இது என் கண்ணில் படவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்பதும் விடுவதும் உன் இஷ்டம். அந்தப் புதுக் கன்றுகள் அந்தத் தண்ணீரில் தேறாது. காலம் முழுவதும் அன்னபேதி தெளித்துக்கொண்டிருக்க முடியாது. அவற்றுக்காகத்தான் போர் போட்டீர்கள். அப்பாவின் மரங்கள் இப்போது போர்த் தண்ணீரைக் குடித்தாலும், அதற்கு முன் பழைய கிணற்றுத் தண்ணீரிலேயே இருந்தவை.

கன்றுகளைப் பிடுங்கிப் போரை மூட மாமா சம்மதிக்க மாட்டார் என்று தெரியும்.

எழில்

*

அடி அண்ணாமலை,
30 நவம்பர் 2004

அன்புள்ள எழிலுக்கு,

கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் இப்போதுதான் கலைந்தது. கிரிவலப் பாதையில் இன்னும் பொரியும் வாழைத்தோலும் மிதிபடுகின்றன.

புதுக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டோம். உன் மாமாவோடு ஒரு மாதம் பேச்சு இல்லை. சமைத்து வைப்பேன், சாப்பிடுவார், போவார். ஒரு நாள் நானே கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் முதல் மரத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். என்னால் அசைக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.  பிடுங்கிய வேரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ"னு மட்டும் சொன்னார்.

மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தாயிற்று. போரின் வாயை மூடிவிட்டோம். அப்பாவின் மரங்களுக்குப் பழைய கிணறு போதும் போதாது என்று ஓடுகிறது. காய்ப்பு கம்மிதான், பரவாயில்லை.

ஐப்பசி மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை. ஜோதி அத்தையின் கிணற்றில் தண்ணீர் ஊறியிருக்கிறது. போர் நின்றதாலா, மழையாலா, எனக்குத் தெரியாது. நீ இருந்தால் ஒரு 'லாம்' போட்டுச் சொல்லியிருப்பாய். போளூருக்கு ஆள் மூலம் சேதி மட்டும் அனுப்பினேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று, வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் அத்தை வந்துவிட்டார். தனியாகத்தான். பொங்கலுக்கு வா என்று மணிமொழிக்கு நான் எழுதினேன். நல்ல பெண், பதில் போட்டாள். அம்மாவுக்கு ஒத்தாசையாக இருங்கள், நான் அந்த ஊருக்குத் திரும்பி வருவதாக இல்லை என்று எழுதியிருக்கிறாள். திட்டி எழுதியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அத்தை நிலத்தை உழுதுபோட்டுக் கடலை விதைத்திருக்கிறார். ஊர்க்காரர்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி அவரிடம் பேசுகிறார்கள். அவரும் பதில் சொல்கிறார். என்னிடம் மட்டும் பேச்சு இல்லை. தினமும் வரப்பின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

நேற்று காலியாகக் கிடக்கும் இடத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். நீ சொன்ன அந்தக் காட்டு எலுமிச்சை வேரில் ஒட்டுப் போட்ட கன்றுகள், கிணற்றுத் தண்ணீர் தாங்கும் அளவுக்கு நாலைந்து மட்டும் வைக்கலாம் என்று. அத்தை களை எடுத்துக்கொண்டே வரப்பு வரைக்கும் வந்தவர், நிமிர்ந்து குழிகளைப் பார்த்தார்.

"இந்த வாட்டி வேரப் பாத்து வாங்கு"ன்னார்.

குனிந்து மறுபடி களை எடுக்கப் போய்விட்டார்.  சரிங்க அத்தை என்று சொல்வதற்குள் அவர் அடுத்த உழவுச் சாலுக்குப் போய்விட்டிருந்தார். நான் அந்தக் குழியை வெட்டி முடித்தேன்.

லீவு கிடைத்தால் வா. விமான நிலையத்துக்கு நான் வருகிறேன்.

உன் அக்கா,
திரௌபதி